புகை போக ஒரு வழி

தண்ணீர் விஷயத்தில் நம் வீட்டுப் பெண்மணிகள் காட்டும் ஜாக்கிரதையைப் பற்றி யாரும் குறை சொல்ல முடியாது. காய்ச்சுகிறோம், வடிகட்டுகிறோம், ஆற வைத்து மூடுகிறோம். கறிகாயை மூன்று தண்ணீரில் அலசுகிறோம். அரிசியை முறத்தில் போட்டுக் கல் பார்க்கிறோம். பால் கொஞ்சம் நீர்த்திருந்தால் பால்காரரிடம் ஒரு வழக்கே நடத்தி விடுகிறோம்.

ஆனால் ஒரு நாளைக்கு நாம் குடிக்கும் தண்ணீர் எவ்வளவு? இரண்டு லிட்டர், மிஞ்சினால் மூன்று லிட்டர். சுவாசிக்கும் காற்றோ சுமார் 10,000 லிட்டர்! அந்தப் பத்தாயிரம் லிட்டர் எங்கேயிருந்து வந்தது, அதில் என்ன கலந்திருக்கிறது என்று நாம் கேட்பதே இல்லை. மூக்கு இருக்கிறது, இழுக்கிறோம், அவ்வளவுதான்.

“காற்று கெட்டுப் போய்விட்டது” என்று யாராவது சொன்னால் உடனே நம் மனம் தெருவுக்கு ஓடுகிறது. லாரிப் புகை, பஸ் புகை, குப்பை மேட்டுப் புகை, தில்லியைப் பற்றிப் பத்திரிகையில் வரும் படங்கள். அதனால்தான் வீட்டுக்குள் நுழைந்ததும் கதவைச் சாத்திக் கொண்டு, “அப்பாடா!” என்று மூச்சு விடுகிறோம். வெளிப்புகை உள்ளே வராமல் கதவு தடுக்கிறது, வாஸ்தவம்தான். உள்ளே உண்டாகும் புகை வெளியே போகாமல் தடுப்பதும் அதே கதவுதான் என்பது மட்டும் நினைவுக்கு வருவதில்லை.

வீட்டுக் காற்றை அதிகமாகச் சுவாசிப்பவர்கள் யார்? காலையில் போய் இரவில் திரும்பும் ஆண்பிள்ளைகள் அல்ல. அடுப்படியில் நிற்கும் பெண், தொட்டிலில் கிடக்கும் குழந்தை, கட்டிலை விட்டு எழுந்திருக்க முடியாத பெரியவர்கள். இந்த மூன்று பேரும்தான். எங்கள் வீட்டில் சமீப காலத்தில் மூன்று பேரும் இருக்கிறார்கள். அதனால்தான் இதைப் பற்றி எழுதத் துணிந்தேன்.

* * *

முதலில் என் தாயாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளுக்கு வயது எண்பதை எட்டுகிறது. தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமம். சில வருஷங்களாகவே நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். “வயசாச்சு, வேற என்ன?” என்று அவளே சமாதானம் சொல்லிக் கொள்வாள். மார்கழி வந்தால் இருமல் வரும், தையில் போய்விடும். ஒரு வருஷம் மாசி பிறந்தும் போகவில்லை. நெஞ்சு நோய் டாக்டர் ஒருவரிடம் அழைத்துக் கொண்டு போனோம்.

டாக்டர் இளைஞர். வீட்டில் யாராவது சிகரெட் பிடிப்பது உண்டா என்று கேட்டார். அப்பா வெற்றிலை கூடப் போடாதவர் என்றேன். “பாட்டிக்குச் சுருட்டு, பீடி, ஏதாவது பழக்கம்...?” என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். அம்மா சிரித்த சிரிப்பில் இருமல் வந்து, அது அடங்கவே இரண்டு நிமிஷம் ஆயிற்று.

பிறகு அவர் ஒரு குழாயைக் கையில் கொடுத்தார். மூச்சை நிறைய இழுத்து, ஒரே மூச்சாகப் பலத்தோடு அதில் ஊத வேண்டும்; எவ்வளவு காற்று எத்தனை வேகத்தில் வருகிறது என்று இயந்திரம் கணக்குப் போடும்.

“ஊதறதுதானே, தம்பி? கல்யாணமான நாளிலேயிருந்து அதைத்தானே பண்ணினேன்!” என்றாள் அம்மா.

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். “எதை ஊதினீர்கள், பாட்டி?”

“அடுப்பைத்தான்!”

அதன் பிறகு அவர் கேட்ட கேள்விகளெல்லாம் அடுப்பைப் பற்றித்தான். என்ன விறகு? எத்தனை மணி நேரம்? ஜன்னல் உண்டா? எத்தனை வருஷம்? நான் பதில் சொல்லச் சொல்ல, எனக்கே அந்தப் பழைய சமையலறை கண் முன்னால் வந்து நின்றது. 1963-ல் அம்மா கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்தாள். 1991-ல்தான் காஸ் அடுப்பு வந்தது. நடுவே 28 வருஷம் சவுக்கு மிளாரும், தென்னை மட்டையும், வறட்டியும்தான். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் விறகு நமுத்துப் போகும். ஊதுகுழலை வைத்துக் கொண்டு அம்மா முகம் சிவக்க ஊதுவாள், கண்ணைத் தலைப்பால் துடைத்துக் கொள்வாள், மறுபடி ஊதுவாள். சமையலறைக் கூரையில் புகை போவதற்கென்று ஒரு கூண்டு இருந்ததாம். சாரல் அடிக்கிறது என்று தாத்தா அதைத் தகரம் வைத்து மூடிவிட்டார். தாத்தா உட்கார்ந்திருந்தது வாசல் திண்ணையில். அங்கே காற்றுக்கு என்ன குறைச்சல்?

ஒரு நாளைக்கு நாலு மணி நேரம் என்று வைத்துக் கொண்டாலும், 28 வருஷத்தில் சுமார் 40,000 மணி நேரம்! டாக்டர் அந்தக் கணக்கை ஒரு துண்டுக் காகிதத்தில் போட்டுக் காட்டினார். குழாயில் அம்மா ஊதிய மூச்சு, அவள் வயதுக்கும் உயரத்துக்கும் இருக்க வேண்டியதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே இருந்தது. வியாதியின் பெயர் சி.ஓ.பி.டி. சுவாசக் குழாய்கள் சுருங்கி அடைத்துக் கொள்வது. புகை பிடிக்கிறவர்களுக்கு வரும் வியாதி என்றுதான் நான் கேள்விப்பட்டிருந்தேன். நம் நாட்டில் புகையே பிடிக்காத பெண்களுக்கும் அது வருகிறது. விறகு, வறட்டிப் புகை அதற்கு முக்கியமான காரணம் என்றார் டாக்டர். போன மூச்சை மருந்து திருப்பித் தராது, இருப்பதைக் காப்பாற்றும். அதற்கும் ஒரு நிபந்தனை: “இனிமேல் பாட்டி இருக்கிற வீட்டில் எந்தப் புகையும் கூடாது.”

அம்மாவை எங்களோடு சென்னைக்கு அழைத்து வந்து விட்டோம்.

* * *

டாக்டர் சொன்ன அந்த ஒரு வார்த்தைதான் என்னைப் படிக்க வைத்தது. படித்ததில் சிலவற்றைச் சொல்கிறேன்.

புகையில் நம் கண்ணுக்குத் தெரிவது பாதிதான். கண்ணுக்குத் தெரியாத துகள்கள்தான் பொல்லாதவை. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் ஒரு கூறுக்கு மைக்ரான் என்று பெயர். நம் தலைமயிரின் கனம் சுமார் 70 மைக்ரான். 2.5 மைக்ரானுக்கும் குறைவான துகள் மூக்கில் சிக்காது, தொண்டையில் தங்காது, நேரே நுரையீரலின் அடிவரைக்கும் போய் உட்கார்ந்து கொள்ளும். மிகச் சிறியவை ரத்தத்திலேயே கலந்துவிடும். அதனால்தான் இருமல் மட்டும் அல்ல, மாரடைப்பு, பக்கவாதம் போன்றவற்றுக்கும் புகை காரணமாகிறது. வீட்டுக்குள் எரியும் அடுப்புப் புகையினால் 2020-ஆம் வருஷத்தில் மட்டும் உலகத்தில் 32 லட்சம் பேர் உயிரிழந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அவர்களில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள்.

இந்தச் சமாசாரம் நெடுங்காலம் யாருடைய கண்ணிலும் படவில்லை. கிர்க் ஸ்மித் என்ற அமெரிக்க விஞ்ஞானி நம் நாட்டுச் சகாக்களுடன் குஜராத் கிராமங்களில் அடுப்படிப் பெண்கள் சுவாசிக்கும் காற்றை அளந்து, 1983-ல் முடிவுகளை வெளியிட்டார். ஆலைப் புகைபோக்கிகளை அண்ணாந்து பார்த்துக் கொண்டிருந்தவர்களின் பார்வையைச் சமையலறைப் பக்கம் திருப்பியவர்களில் முக்கியமானவர் அவர்.

நம் சென்னையிலும் இந்த ஆராய்ச்சி நடக்கிறது. போரூரில் உள்ள ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தில் கல்பனா பாலகிருஷ்ணன் என்ற பெண் விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும் பல வருஷங்களாக நம் அடுப்படிகளை அளந்து வருகிறார்கள். இந்தியா, குவாதமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நாலு நாடுகளில் கர்ப்பிணிப் பெண்கள் சுமார் 3,200 பேரைக் கொண்டு ஒரு பெரிய சோதனை நடந்தது. இந்தியாவில் அது நடந்த இடம் நம் தமிழ்நாடுதான். பாதிப் பேருக்குக் காஸ் அடுப்பும் காஸும் கொடுத்தார்கள்; மற்றவர்கள் பழைய அடுப்பிலேயே சமைத்தார்கள். ஒரு கன மீட்டர் காற்றில் நுண்துகள் விறகு அடுப்புக்காரர்களுக்குச் சுமார் 70 மைக்ரோகிராம். காஸ்காரர்களுக்குச் சுமார் 24. மூன்றில் இரண்டு பங்கு புகை போயே போய்விட்டது!

ஆனால் 2022-ல் வெளியான முடிவைப் பார்த்தால் ஒரு சங்கதி யோசிக்க வைக்கிறது. பிறந்த குழந்தைகளின் எடையில் இரு சாராருக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. அதனால் காஸ் வீண் என்று அர்த்தம் அல்ல. என் தாயாரைக் கேட்டால் அந்த வாதத்துக்கு இடமே கொடுக்க மாட்டாள். அடுப்பை மாற்றிவிட்டோம், எல்லாம் சரியாகிவிட்டது என்று கையைக் கட்டிக் கொண்டு உட்கார முடியாது என்பதுதான் நான் எடுத்துக் கொண்ட பாடம். அந்த 24 கூட அதிகம்தான். ஒரு நாளின் சராசரி 15-ஐத் தாண்டக் கூடாது, வருஷச் சராசரி 5-ஐத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொல்லியிருக்கிறது.

2016 மே மாதம் தொடங்கிய உஜ்வலா திட்டத்தில் கோடிக்கணக்கான ஏழை வீடுகளுக்குக் காஸ் இணைப்புப் போயிருக்கிறது. பட்டணத்து வீடுகளில் விறகு அடுப்பு கதையாகவே ஆகிவிட்டது. அப்படியானால் நம் வீட்டில் புகை இல்லை என்று சொல்லலாமா?

* * *

இதற்கு இயந்திரம் எதுவும் வேண்டாம். நான் ஒரு பரீட்சை சொல்கிறேன். நாலு மிளகாய் வற்றலை வாணலியில் போட்டு வறுங்கள். கடைசி அறையில் படித்துக் கொண்டிருக்கும் பையன் இருமினால், உங்கள் சமையலறைக் காற்று எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்து விடும். மிளகாயின் காரம் போன வழியில்தான் எண்ணெய்ப் புகையும், காஸ் எரிவதால் உண்டாகும் நைட்ரஜன் டையாக்ஸைடும் போகின்றன. மிளகாய் சத்தம் போட்டுக் கொண்டு போகிறது. மற்றவை சத்தம் போடாமல் போகின்றன.

எங்கள் பிளாட்டில் இந்தப் பரீட்சை செய்த போது, என் தாயார் படுத்திருந்த அறைக்குத்தான் முதலில் போயிற்று! புகையை வெளியே தள்ளும் எக்ஸாஸ்ட் விசிறி ஓடிக் கொண்டுதான் இருந்தது. ஆனால் ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. உள்ளே காற்று வர வழி இல்லாவிட்டால் விசிறி எதை இழுத்து எதை வெளியே தள்ளும்? கூடத்து ஜன்னலை ஒரு சாண் திறந்து வைத்தோம். அம்மாவின் அறைக் கதவைச் சாத்தினோம். ஒரு மெல்லிய காகிதத்தை விசிறிக்கு எதிரே பிடித்தால் அது விசிறிப் பக்கம் சாய்ந்தது. மிளகாய் வறுத்தேன், ஒருவரும் இருமவில்லை. ஒரு காசு செலவில்லை.

அதிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். அடுப்பைப் பற்ற வைக்கும் முன்பே விசிறியைப் போடுவது. அணைத்த பிறகும் பத்துப் பதினைந்து நிமிஷம் ஓட விடுவது. எண்ணெயைப் புகையும்படி காய விடுவதில்லை. அடுப்பின் சுடர் நீலமாக இருக்க வேண்டும். மஞ்சளாக எரிந்தால் துளைகளில் அழுக்கு என்று அர்த்தம். காஸ் சரியாக எரியாமல் விஷ வாயு உண்டாகும். குழந்தையை இடுப்பில் வைத்துக் கொண்டு தாளிப்பது அடியோடு நின்றுவிட்டது.

விஷ வாயு என்றதும் ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். குளியலறைக்குள் காஸில் எரியும் வெந்நீர்ச் சாதனம் வைத்திருப்பவர்கள் உண்டு. கதவையும் ஜன்னலையும் சாத்திக் கொண்டு குளித்தால், கார்பன் மோனாக்ஸைடு சேர்ந்துவிடும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. மயக்கம் வருவதற்கு முன்னால் எச்சரிக்கை கிடைக்காமலே போகலாம். குளிக்கப் போனவர்கள் பிணமாகக் கிடந்த செய்திகளைப் பத்திரிகைகளில் நீங்களும் படித்திருப்பீர்கள். அந்தச் சாதனத்தைக் குளியலறைக்கு வெளியே, காற்றாடும் இடத்தில்தான் மாட்ட வேண்டும்.

* * *

சமையலறை என் ராஜ்யம். அங்கே சட்டம் போடுவது சுலபம். மற்ற அறைகளில்தான் சண்டை ஆரம்பமாயிற்று.

தலைப்பிரசவத்துக்கு என் மகள் வந்திருந்தாள். பேத்தி பிறந்தாள். பதினோராம் நாள் தலைக்குக் குளிப்பாட்டியதும், என் மாமியார் கரி நெருப்பில் சாம்பிராணியைத் தூவிக் கொண்டு வந்துவிட்டார். அறையில் ஜன்னல், கதவு எல்லாம் சாத்தியிருந்தது; குழந்தைக்குச் சில்லென்று காற்று படக் கூடாதல்லவா?

“வேண்டாம் அத்தை” என்றேன்.

“நல்லாயிருக்கே! எங்க காலத்துல எல்லாக் குழந்தைக்கும் போட்டோம். உன் புருஷனுக்கும்தான் போட்டேன். நல்லாத்தானே இருக்கான்?”

“உங்க வீட்டிலே முற்றம் இருந்தது, அத்தை. புகை எழும்பி ஆகாசத்துக்குப் போயிற்று. இங்கே அது எங்கே போகும்?”

மாமியார் கூரையைப் பார்த்தார். அங்கே மின்சார விசிறியும், அதன் மேல் அடுத்த வீட்டுக்காரரின் தரையும்தான் இருந்தன. பக்கத்து அறையில் என் தாயார் இருமுவது கேட்டது. மாமியார் ஒன்றும் பேசாமல் தூபக்காலை எடுத்துக் கொண்டு பால்கனிக்குப் போய்விட்டார். குழந்தையின் தலையைத் துண்டால் ஒற்றி, காலை இளவெயிலில் கொஞ்ச நேரம் வைத்துக் கொண்டோம். அது நன்றாகத்தான் உலர்ந்தது. சாம்பிராணி, ஊதுவத்தி எல்லாம் இப்போது பால்கனியோரம் மட்டும்தான். சுவாமிக்கு ஒரு நல்லெண்ணெய்த் தீபமும் நாலு முழம் மல்லிகையும் போதாதா என்று மாமியாரே இப்போது மற்றவர்களுக்குச் சொல்கிறார்.

அடுத்தது கொசு. என் கணவருக்கு ராத்திரி சுருள் ஏற்றாவிட்டால் தூக்கம் வராது. சீனாவிலும் மலேசியாவிலும் விற்ற கொசுவத்திச் சுருள்களைச் சோதித்து 2003-ல் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சியை அவரிடம் படித்துக் காட்டினேன். மூடிய அறையில் ஒரு சுருள் எரிந்து தீர்ந்தால் வெளிவரும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட்டுகள் எரிந்ததற்குச் சமம்! பொது இடங்களில் சிகரெட் பிடிக்கக் கூடாது என்று 2008 அக்டோபர் 2 முதல் தேசம் முழுதும் சட்டம் இருக்கிறது. ஆனால் நம் படுக்கையறையில் ராத்திரி முழுதும் இது எரியலாம், கேட்பார் இல்லை. “சிகரெட்டையே தொடாத என்னை இப்படி ஆக்கிவிட்டார்களே!” என்று அவர் அங்கலாய்த்தார். மறு நாளே ஜன்னல்களுக்கு வலை அடிக்க ஆள் வந்தார். கட்டிலுக்குக் கொசுவலை வந்தது.

வலை அடித்ததில் இன்னொரு லாபம். ஜன்னலைத் தைரியமாகத் திறக்கலாம். கொசுவுக்குப் பயந்து மாலை ஐந்து மணிக்கே வீட்டைச் சிறைச்சாலை ஆக்கிக் கொண்டிருந்தோம்.

ஏ.ஸி. விஷயம் கொஞ்சம் சிரமப்பட்டது. பெரும்பாலான வீட்டு ஏ.ஸி.க்கள் வெளிக்காற்றைக் கொண்டு வருவதில்லை. அறையில் இருக்கும் அதே காற்றையே குளிர வைத்துத் திருப்பித் திருப்பி விடுகின்றன. மாப்பிள்ளை கரியமில வாயுவை அளக்கும் சிறு கருவி ஒன்று கொண்டு வந்தார். வெளிக்காற்றில் அதன் அளவு பத்து லட்சத்தில் சுமார் 420 பங்கு. அறைக்குள் 1,000 பங்கைத் தாண்டினால் காற்றோட்டம் போதவில்லை என்று கொள்ளலாம் என ஜெர்மனியில் பெட்டன்கோஃபர் என்ற அறிஞர் 1858-லேயே சொல்லிவிட்டார். சாத்திய ஏ.ஸி. அறையில் மூன்று பேர் தூங்கினால் விடிவதற்குள் அது 2,000-த்தைத் தாண்டுவது சர்வ சாதாரணம். அந்த வாயு அந்த அளவில் விஷம் அல்ல. ஆனால் ஒருவர் விட்ட மூச்சை மற்றவர் எவ்வளவு இழுக்கிறார் என்பதற்கு அது அடையாளம். ஒருவருக்கு ஜலதோஷம் என்றால் எல்லாருக்கும் வருவதற்கு அதுவே போதும்.

“கதவைத் திறந்தால் கரண்ட் பில்லை யார் கட்டுவது?” என்று கேட்டார் என் கணவர். ஒரு சமரசம் செய்து கொண்டோம். படுக்கும் முன் கால் மணி நேரம் எதிரும் புதிருமாக இரண்டு ஜன்னல்களைத் திறப்பது, ஏ.ஸி. ஓடும் போது அறைக் கதவைக் கூடத்துப் பக்கம் நாலு விரற்கடை திறந்து வைப்பது. விடிந்ததும் மறுபடி எல்லாவற்றையும் திறப்பது. கோடையில் சென்னையின் கடற்காற்று நடுப்பகலுக்கு மேல் கிழக்கேயிருந்து வரும். அதற்கும் கதவைத் திறந்து வைத்திருக்கிறோம். பில் அப்படி ஒன்றும் ஏறவில்லை.

ஜன்னலைச் சாத்த வேண்டிய நாட்களும் உண்டு. போகிப் பண்டிகை விடியற்காலை, தீபாவளி இரவு, தெருவில் தார் காய்ச்சும் போது, சாலையில் வண்டிகள் நெருக்கியடிக்கும் நேரம். ஜன்னல் இருப்பது திறப்பதற்கும் சாத்துவதற்கும்தான்; எப்போது எது என்று பார்ப்பதுதான் குடித்தனம்.

* * *

காற்றைச் சுத்தப்படுத்தக் கடைகளில் என்னென்னவோ விற்கிறார்கள். சிலவற்றைப் பற்றி நான் தெரிந்து கொண்டதைச் சொல்கிறேன்.

செடி வளர்த்தால் காற்று சுத்தமாகும் என்று ஒரு நம்பிக்கை. 1989-ல் அமெரிக்காவின் நாஸா, சிறிய மூடிய கூண்டுகளில் செடிகளை வைத்துச் செய்த சோதனையிலிருந்து வந்தது அது. வீடு கூண்டு அல்ல. 2019-ல் பல சோதனைகளை ஒன்று சேர்த்துப் பார்த்தவர்கள், ஜன்னல் வழியாக இயல்பாக வரும் காற்று செய்யும் வேலையைச் செடிகள் செய்ய, ஒரு சதுர மீட்டர் தரைக்குக் குறைந்தது 10 செடிகள், சில சமயம் 1,000 செடிகள் கூட வேண்டும் என்று கண்டார்கள். நூறு சதுர அடி அறைக்குக் குறைந்த கணக்கிலேயே தொண்ணூறு தொட்டிகள்! மனிதர்கள்தான் வெளியே போக வேண்டும். செடியை அழகுக்காகவும் ஆசைக்காகவும் வளர்ப்போம்.

வாசனைத் தெளிப்பான் கெட்ட காற்றை நல்லதாக்குவதில்லை; இன்னும் சில ரசாயனங்களைச் சேர்க்கிறது. பூச்சி உருண்டையின் நெடியும் அப்படியே. சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே ரத்தத்தில் ஒரு நொதி குறைவாக இருக்கும். பூச்சி உருண்டை வைத்த பெட்டியிலிருந்து எடுத்த துணியைப் போர்த்தினால் அவர்களுக்கு ரத்த அணுக்கள் உடைந்து காமாலை வரலாம். பட்டுப் புடவையை நிழலில் உலர்த்தி மடித்து வைப்பதும், குழந்தைத் துணிகளைத் துவைத்து வெயில் காட்டுவதும் போதும்.

புகையை இழுக்கும் மின்சார ‘சிம்னி’யில் இரண்டு ஜாதி. குழாய் வழியாக வெளியே தள்ளுவது ஒன்று; உள்ளேயே வடிகட்டி மறுபடி அறைக்குள்ளேயே விடுவது மற்றொன்று. இரண்டாவது எண்ணெய்ப் பிசுக்கைக் கொஞ்சம் பிடிக்கும். காஸ் எரிந்த வாயுவையும் நீராவியையும் நமக்கே திருப்பித் தரும். வாங்கும் போது குழாய் எங்கே போகிறது என்று கேளுங்கள்.

காற்று சுத்திகரிக்கும் இயந்திரம் வீண் என்று சொல்ல மாட்டேன். ‘ஹெபா’ வடிகட்டி உள்ளது நுண்துகளை நன்றாகவே பிடிக்கும். என் தாயார் அறையில் ஒன்று இருக்கிறது. போகி மாதிரி நாட்களில் கதவைச் சாத்தி அதைப் போடுகிறோம். ஆனால் அது கரியமில வாயுவைக் குறைக்காது. வடிகட்டியைக் காலாகாலத்தில் மாற்றாவிட்டால் பிரயோஜனம் இல்லை. ஓஸோன் உண்டாக்கும் இயந்திரம் மட்டும் வேண்டவே வேண்டாம். ஓஸோனே நுரையீரலுக்கு ஆகாது. முதலில் புகையை உண்டாக்காமல் இருப்பது; அடுத்து, உண்டான புகைக்கு வழி விடுவது; கடைசியில்தான் இயந்திரம். இந்த வரிசையைத் தலைகீழாக்கினால் பணம்தான் செலவாகும்.

* * *

எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வரும் அம்மாளிடமும் சுருளைப் பற்றிச் சொன்னேன். அவள் குடியிருப்பது ஒரே அறை. மூன்று குழந்தைகள். சமையலும் அங்கேதான், படுக்கையும் அங்கேதான். “கொசுவலை கட்டலாம்மா. ஆணி அடிச்சா வீட்டுக்காரரு காலி பண்ணச் சொல்லுவாரு” என்றாள். அதை நான் எந்த ஆராய்ச்சியிலும் படிக்கவில்லை. ஆணியே வேண்டாத, குடை மாதிரி விரிந்து நிற்கும் வலை ஒன்று கிடைத்தது, வாங்கிக் கொடுத்தோம். அடுப்பை மூலையிலிருந்து எடுத்துக் கதவோரம் வைத்திருக்கிறாள். கடைக்குட்டிக்கு இந்த வருஷம் மழைக்காலத்தில் இருமல் குறைந்திருக்கிறது என்கிறாள். வலையினாலா, கதவினாலா, குழந்தை வளர்ந்ததாலா என்று நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன், குறைந்தது சந்தோஷம்.

என் தாயார் இப்போது ஜன்னலோரமாகத்தான் உட்கார்ந்திருக்கிறாள். மருந்தை இழுத்துக் கொள்கிறாள். வீட்டுக்குள் பத்து நடை நடக்கிறாள். பத்தாவது நடையில் நின்று மூச்சு வாங்கிக் கொள்கிறாள். இந்த மார்கழியில் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கவில்லை.

சென்ற மாதம் மகளும் மாப்பிள்ளையும் சொந்தமாக ஒரு பிளாட் வாங்கப் பார்த்தார்கள். அம்மாவும் வருகிறேன் என்று கிளம்பி விட்டாள். தரகர் கூடத்தைக் காட்டினார். பளிங்குத் தரையைக் காட்டினார். சமையலறையில் கதவு போட்ட அலமாரிகளை ஒவ்வொன்றாகத் திறந்து மூடிக் காட்டினார். அம்மா மெதுவாக நடந்து வந்து அடுப்பு மேடை அருகில் நின்றாள். மேலே பெரிய கண்ணாடி ஒன்று பதித்திருந்தது.

“இது திறக்குமா, தம்பி?”

“திறக்காது பாட்டி. வெளிச்சத்துக்கு.”

“அப்போ புகை எங்கே போகும்?”

தரகர் சிரித்தார். “இந்தக் காலத்துல யாரு பாட்டி விறகு வெச்சு எரிக்கிறாங்க? எல்லாம் காஸ்தான். புகையே வராது!”

“அப்படியா? நாலு மிளகாய் வத்தல் வறுத்துக் காட்டேன், பார்ப்போம்” என்றாள் அம்மா.

வேறு வீடு பார்த்துக் கொண்டிருக்கிறோம்.